செல்லக் கள்ளன்

குடியேறிகளின் வீட்டுப் பேச்சைக் கேட்கும் அரசுக் கருவிக்கு யாழ்ப்பாணத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் வத்சலாதான். ஒவ்வொரு சொல்லையும் பிரித்து விளக்குவதில் அவருக்கு அப்படியோர் ஆசை. ‘கள்ளன்’ என்றால் திருடன் என்றும் அவர்தான் சொல்லிவைத்தார்.

அடிதடி வழக்கொன்றில் முன்பு தண்டனை பெற்ற குகதாசனை நேற்று நாடுகடத்தல் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மனைவியே அவனைக் கள்ளன் என்றதால், மறுபடி குற்றம் செய்தான் என்று கருவி முடிவுசெய்திருந்தது.

“அக்கா, நான் செல்லமாத்தானே ‘என்ர கள்ளன்’ எண்டனான்? அந்த மெசினுக்கு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன்,” என்று வத்சலாவின் வாசலில் நின்று அழுதாள் அவன் மனைவி தாட்சாயினி.

சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் செல்லமாகப் புழங்கும் இன்னொரு வீட்டைக் காட்டினால்தான் கருவி திருத்தத்தை ஏற்கும். கற்றுக்கொடுப்பவர் என்பதால் வத்சலாவின் வீட்டை மட்டும் அது இதுவரை கேட்டதில்லை. அவருடைய மகனுக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு.

“எங்கட பக்கம் அப்பிடிச் செல்லமாச் சொல்லுறேல்லை, பிள்ளை,” என்றார் வத்சலா.

“அம்மா, உங்கட கள்ளனுக்குப் பசிக்குது!” என்று உள்ளேயிருந்து மகன் கத்தினான்.

தாட்சாயினியின் அழுகை சட்டென்று நின்றது. வத்சலா தலையை நிமிர்த்தவே இல்லை.