பம்ப் ரூமில் வீட்டு போன்

“வூட்டு நம்பருக்கு வர்ற போனையெல்லாம் இன்னிக்கு இங்க பம்ப் ரூமுக்கு மாத்திக் குடும்மா.”

பம்ப் ஃபோர்மேன் வைத்திலிங்கம் குரலை இயல்பாக வைத்துக்கொண்டுதான் கேட்டார். சுரங்கத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த பேச்சியம்மாள் பதறிப்போனாள்.

“ஏன் சார், பம்ப்ல ஏதும் கோளாறா?”

“ஆமா, ஆமா.”

கோளாறு பம்பில் இல்லை. சுரங்கத்துக்கு அடியில் ஊறும் தண்ணீரை அது வழக்கம்போல இறைத்துக்கொண்டுதான் இருந்தது. கோளாறு அவருடைய குவார்ட்டர்ஸில் இருந்தது. பெயர் அம்சவல்லி, ஒரே மகள்.

“லைன்லயே இருங்க சார்” என்றாள் பேச்சியம்மாள். வெற்றிலை மடிக்கும் நேரம் காத்திருந்தார். “சரி சார், மாத்திட்டேன்” என்று குரல் வந்தது.

நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். “நாளைக்கு மத்தியானம் கூப்புடு வேணு. எங்க வரணும்னு சொல்லு, வந்துடறேன்.”

வேணு, சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை முடிந்து பண்ருட்டிக்குப் போனவன். அம்சவல்லிக்கோ திருவதிகையில் மாப்பிள்ளை பார்த்துத் தட்டும் மாற்றியாகிவிட்டது.

தாயில்லாப் பெண், அதட்ட வாய் வரவில்லை. வீட்டில் காவல் உட்காரவும் வழியில்லை, பம்ப் நின்றால் சுரங்கம் குளமாகிவிடும். போனைத் திருப்பிவிட்டால் பையன் தன்னிடமே வந்து சிக்குவான் என்று கணக்குப் போட்டார்.

இந்த வித்தையை அவருக்குக் கற்றுக் கொடுத்தவன் ஒரு போக்கிரி. போன ஆடியில் எவனோ வைத்திலிங்கம் குரலில் பேசி, அவர் வீட்டு போனைக் கேன்டீனுக்குத் திருப்பிவிட்டான். பம்ப் நின்ற சேதி அவருக்கு வந்து சேரவே இல்லை.

மறுநாள் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்று, “விசாரிக்காம எவன் கேட்டாலும் மாத்திடுவீங்களா?” என்று ஆடித் தீர்த்தார். இனி விசாரிக்காமல் மாற்ற மாட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மலையேறினார்.

மத்தியானம் வந்தது. போன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வேணுவுக்கென்று காலையிலிருந்து நல்ல நல்ல வசவுகளாகச் சேர்த்து வைத்திருந்தார். நேரம் ஆக ஆக அவை ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. “எம்பொண்ண வுட்டுடு தம்பி” என்று கெஞ்சலாம் என நினைத்தார்.

பிறகு அதுவும் போயிற்று. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். மாப்பிள்ளை வீடாவது, மானமாவது!

“ஒளிஞ்சிகினு கூட்டிகினு போவாத தம்பி. வூட்டுக்கு வந்து கேளு, நானே கட்டி வைக்கிறேன்” என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். கண் நிறைந்தது. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதியது. பொறுக்க முடியாமல் ரிசீவரை எடுத்தார்.

“வூட்டுக்கு ஒரு போனும் வரலியாம்மா?”

“ஒண்ணுமே வரல சார்.”

“சரி, பழையபடி வூட்டுக்கே மாத்திட்டு, ஒரு தடவ மணி அடி. எம்பொண்ணுகிட்ட பேசணும்.”

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் எடுக்க யாரும் இல்லை.

“யாரும் எடுக்கல சார்.”

வைத்திலிங்கத்துக்குக் குப்பென்று வேர்த்தது. “எடுக்கலியா? காலையில வூட்லதானம்மா இருந்தா!”

“இருந்துச்சே சார். நீங்க சொன்ன ரூல்படி, மாத்தலாமான்னு அதுகிட்ட கேட்டுட்டுத்தானே மாத்துனேன்!”