பின் போர்ஷன் வாடகை

சேலையூர் வீட்டின் பின் போர்ஷனைக் காலி செய்த பிறகும் முதாசிர் வாடகை பாக்கியைக் கொடுக்கவில்லை. விடுவாரா வீட்டுக்காரர் சுவிசேஷமுத்து? பெரும்பாக்கம் வரை போய்க் கதவைத் தட்டினார்.

மறுபேச்சில்லாமல் பணம் வந்தது. காலி செய்த பிறகான மாதங்களுக்கும் சேர்த்து இருந்தது. அவருக்குச் சந்தேகம்.

"இன்னாப்பா, துட்டு கூட கீது?"

"அம்மா இன்னும் அங்கதானே இருக்காங்க, சார். கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டாங்க."

அந்த அம்மா இறந்தது அந்த போர்ஷனில்தான். அடக்கத்துக்கு இவரும் போயிருந்தார்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ மாசாமாசம் குடுத்துடு," என்றார்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவர் கையால் பூட்டிய பின் போர்ஷனில் லைட் எரிந்தது.

"கரண்ட்டுக்குத் தனியா துட்டு தரணும்மா!" என்று அதட்டினார்.

உள்ளே சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. லைட் அணைந்தது. வாடகையும் கொடுத்து, சொன்ன பேச்சும் கேட்கிற குடித்தனம் அவருக்கு இப்போதுதான் அமைந்தது.