வாசல் தெரியணும்

தன் பேய்க் குறும்படத்துக்குப் பணம் கேட்டு ஷிஃபா ஏறி இறங்கிய பட்டுக்கடைகளில் எல்லாம், ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு, "எங்க கடை போர்டு படத்துல வரணும்" என்றார்கள். லாரி புக்கிங் ஆபீஸ் வீரபத்திரன் மட்டும், "மொத்தச் செலவும் என்னுது" என்றார்.

அவளுக்குச் சந்தேகம் வந்தது. "நீங்க நடிக்கணுமா சார்?"

"சேச்சே!"

"லாபத்துல பங்கு?"

"வேணாம்மா. என் பேரைக்கூடப் போடாத."

சந்தேகம் இன்னும் கூடியது. "அப்புறம் எதுக்கு சார் குடுக்கறீங்க?"

"பேய்ப் படம்னா எனக்கு உசுரு. ஓரிக்கையில நான் இருக்கிற வீட்லயே எடு. வாசலும் தெருவும் மட்டும் நல்லா தெரியணும்."

கறுப்புப் பணமோ என்று பயந்துகொண்டேதான் எடுத்தாள். யூடியூபில் போட்டதும் ஊரே பார்த்தது. நல்லவரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டாள்.

அடுத்த மாதம் ஓர் அம்மாள் போன் செய்தார்.

"அந்தப் பேய்ப் படம் எடுத்தது நீதானாம்மா? நான் ஜோஹரா. அந்த வீடு என்னுது. விக்கலாம்னு இருந்தேன். வாங்க வந்தவங்கல்லாம் படத்தைச் சொல்லிக்கினே ஓடிட்டாங்க."

"மன்னிச்சிருங்கம்மா" என்றாள் ஷிஃபா.

"வாடகைக்கு இருக்கிற வீரபத்திரன்தான் பேய்க்குப் பயப்படாம, பாதி விலைக்காவது வாங்கிக்கினாரு. நல்ல மனுஷன்மா!"