கடைசிச் சரணம், மறுபடியும்

"எழுந்து போங்களேன். நீங்க போனாத்தான் இந்தப் பாட்டு நிக்கும்" என்று மனைவி முழங்கையால் இடித்தாள்.

"நான் போனா நல்லாவா இருக்கும்?" அவர் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வெளியூர்ப் பிரசங்கியார் கண்களை இறுக மூடி, கைகளை விரித்தபடி பீடத்தருகே நின்றிருந்தார்.

"ஆண்டவர் அழைக்கிற சத்தத்துக்கு அசையாத ஓர் ஆத்துமா இங்கே உட்கார்ந்திருக்கு. அது முன்னால வந்து முழங்கால் போடுற வரைக்கும் பாட்டை நிறுத்த மாட்டேன். கடைசிச் சரணம், மறுபடியும்!"

சபை மறுபடியும் பாடியது. முதலில் எல்லோரும் உருகித்தான் பாடினார்கள். இப்போது பசியில் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆர்கன் வாசிக்கும் அம்மாள் ஒரு கையை உதறிக்கொண்டே இன்னொரு கையால் வாசித்தாள். நடுநடுவே பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளிந்திருந்தவரை முறைக்கவும் செய்தாள்.

"நீ போயேன்" என்றார் அவர் மனைவியிடம்.

"நேத்தும் நான்தான் போனேன், முந்தாநாளும் நான்தான் போனேன். இன்னைக்கும் போனா, அப்படி என்ன பாவம்தான் பண்ணினாளோன்னு ஊரே பேசும்."

பின்வரிசைத் தையற்காரர் தலையை நீட்டினார். "ஐயா, நாங்க எல்லாரும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துட்டோம். பாக்கி நீங்க ஒருத்தர்தான். கொஞ்சம் மனசு வைங்க. அடுப்பைச் சின்னதா எரிய விட்டுட்டு வந்திருக்கேன்."

"அப்புறம் உங்க மூஞ்சியில எல்லாம் நான் எப்படிய்யா முழிப்பேன்?"

"நாங்க யாரும் பார்க்க மாட்டோம். கண்ணை மூடிக்கிறோம்."

சொன்னபடியே சபை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டது. ஆளுக்கு ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து வைத்திருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் அவர் எழுந்தார். நாலு எட்டில் பீடத்தருகே போய்ச் சேர்ந்தார். மானம் போகிறதே என்ற எரிச்சலோடுதான் முழங்கால் போட்டார். போட்டதும்தான், இத்தனை வருஷத்தில் தன்னை யாருமே இப்படி 'வா' என்று கூப்பிட்டதில்லை என்று தோன்றியது. நிஜமாகவே அழுதுவிட்டார்.

பாட்டு நின்றது. பிரசங்கியார் கண்ணைத் திறக்காமலே அவர் தலையில் கை வைத்தார்.

"அல்லேலூயா! அழாதே, சகோதரனே. என்ன வேலை பார்க்கிறே?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இந்தச் சபைக்குத்தான் போதகரா இருக்கேன், ஐயா."

பிரசங்கியாரின் கண்கள் பட்டென்று திறந்தன. பின்வரிசையில் தையற்காரர் அடுப்பை அடியோடு மறந்து, தழுதழுத்த குரலில் கத்தினார்: "ஸ்தோத்திரம்! இத்தனை வருஷமா இவருக்காக நாம பண்ணின ஜெபம் வீண்போகலை!"