பச்சை ஒயர்

"நாய்க்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதானாம். அதுவும் கரண்டு வேலை கேட்டு வருது!"

கிளி காகத்திடம் சொன்னது வாசலில் நின்ற நாயின் காதில் விழுந்தது. காகம் அந்த மின்சாரப் பட்டறையின் மேஸ்திரி. கிளி அங்கே ஒயர் இணைக்கிறது. நாய்க்கு அன்றுதான் தேர்வு.

"சிவப்பு எப்படிண்ணே இருக்கும்?" என்று உள்ளே வந்து கேட்டது நாய்.

"பழுத்த மிளகாய் மாதிரி," என்றது காகம்.

"பச்சை?"

"பழுக்காத மிளகாய் மாதிரி."

"ரெண்டும் மிளகாய்தானே!"

கிளி விழுந்து விழுந்து சிரித்தது.

காகம் சுவரில் நீட்டியிருந்த இரண்டு ஒயர்களைக் காட்டியது. "சிவப்பில்தான் கரண்டு வரும். எதுன்னு சொல்லு."

நாய்க்கு இரண்டும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தன. ஆணியில் தூசி படிந்து தொங்கிய டெஸ்டரைக் கேட்டது.

"கண்ணு இருக்க டெஸ்டர் எதுக்கு? இதோ பச்சை, தொட்டாலும் ஒண்ணும் ஆகாது," என்று காகம் அந்த நுனியைக் கவ்வப் போனது.

"இருங்கண்ணே!" நாய் டெஸ்டரைப் பாய்ந்து எடுத்து அதில் வைத்தது. டெஸ்டர் விளக்கு எரிந்தது.

"பச்சைதானே அழகு," என்று கிளி முனகியது. "அதான் கரண்டை அதுல கொடுத்தேன்."

காகம் டெஸ்டரைத் துடைத்து நாயின் கழுத்தில் மாட்டியது. கிளி இணைத்த மற்ற ஒயர்களைப் பார்க்க நாயின் பின்னால் காகம் நடந்தது.