பத்தாவது நோட்டீஸ்

"எழுதினதுதான் எழுதினீங்க, கொஞ்சம் உப்பு காரம் போட்டு எழுதியிருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி சேபா, கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி.

"நான் எழுதலடி."

"உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

தெல்ஃபினுக்கும் அதுதான் புரியவில்லை. சேவல் சண்டைக் கொட்டகைக் கதவில் காலையில் ஒட்டியிருந்த நோட்டீஸ் அச்சு அசல் அவர் கையெழுத்து. ஆனால் அவர் எழுதவில்லை.

முந்தைய ஒன்பதும் அவருடையவைதான். மணிலாவில் நாலெழுத்து படித்தவர். ஊர் நிலத்தையெல்லாம் மடத்துக்கு எழுதி வாங்கிக்கொண்ட ஸ்பானியப் பாதிரி சிரியாக்கோவைக் கிழிகிழி என்று கிழித்திருந்தார். பேர் போடாமல்தான். அவ்வளவு வீரம் போதும் என்று நினைத்திருப்பார். பாதிரியும் சும்மா இல்லை. ஞாயிறு தோறும் மேடையேறி, இதைப் படிக்கிறவன் நேரே நரகத்துக்குப் போவான் என்று எச்சரித்துவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானே படித்துக் காட்டி, வரிக்கு வரி சபிப்பார்.

போன மாதம் போலீஸ் சார்ஜென்ட் துப்பாக்கிக்காரர்களோடு ஊருக்குள் வந்தான். எழுதினவன் அகப்பட்டால் கப்பலேற்றி ஜோலோ தீவுக்கு அனுப்புவேன் என்று சந்தையில் பறையடித்துச் சொன்னான். ஜோலோவுக்குப் போனவன் திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை. அன்றே தெல்ஃபின் மைக்கூட்டை மூடிவிட்டார். இன்றைக்குப் பார்த்தால் பத்தாவது.

சார்ஜென்ட்டிடம் போய் நான் இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றார். சேபா சிரித்தாள்.

"போலீஸ்கிட்ட சொன்னா எவன் நம்புவான்? பாதிரிகிட்ட பாவசங்கீர்த்தனத்துல போய்ச் சொல்லுங்க. பொழுது சாயுறதுக்குள்ள சார்ஜென்ட் காதுக்குப் போயிடும். உண்மைன்னு நம்பவும் செய்வான்."

பாதிரி காதில் போட்டது போலீஸ் காதில் விழும் என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதனால் யாரும் உண்மையான பாவத்தை அங்கே சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பாவத்தைத்தான் சொல்வார்கள்.

தெல்ஃபின் கோவிலுக்குப் போய் பாவசங்கீர்த்தன மரக்கூண்டருகே மண்டியிட்டார். கூண்டின் வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பாதிரியின் இரைப்பு கேட்டது. யாரோ நோட்டீஸ் எழுதுகிறான், எனக்கு அப்படி எழுத வரவில்லையே என்று பொறாமைப்பட்டேன், அதுதான் என் பாவம் என்று ஒப்பித்தார். வரும்வழியெல்லாம் உருப்போட்டது.

பாதிரி கனைத்துக்கொண்டார்.

"பொய் சொன்னதுக்குப் பத்து ஜெபம் சொல்லு. ஒன்பதும் உன்னுதுதான். உன் கையெழுத்து எனக்குத் தெரியும்டா."

தெல்ஃபினுக்கு ஜோலோ தீவு கண்ணுக்கு எதிரே தெரிந்தது. இனி மறைத்து என்ன பயன்?

"ஒன்பதும் என்னுது சாமி. ஆனா பத்தாவது சத்தியமா என்னுது இல்ல."

"தெரியும்," என்ற பாதிரி, வலையோடு வாயை ஒட்டவைத்து முணுமுணுத்தார். "நீ நிறுத்தினதிலிருந்து மேடையில வாசிக்க ஒண்ணுமில்ல, பூசைக்கு ஈ காக்கா வரல. ராத்திரியெல்லாம் முழிச்சு, உன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து நான்தான் எழுதினேன். என்னை நானே திட்ட எனக்கு மனசு வரலடா, ஞாயித்துக்கிழமைக்குள்ள அடுத்ததை நீயே எழுதிக் குடுத்துடு."