பூட்டி வைத்த ‘வேண்டாம்’

பேச்சு வராத மகிழினி மனத்தில் நினைப்பதை அவள் கழுத்துப் பட்டை பேசும். ஜூலையில் பள்ளிக்கு ஆய்வாளர் வந்தபோது, பிள்ளை மறுத்துப் பேசிவிடக் கூடாதென்று தெரபிஸ்ட் பியூலா ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் பூட்டி வைத்தாள். பிறகு திறக்க மறந்தே போனாள்.

ஊஞ்சலைக் கண்டாலே நடுங்குகிறவளை ஏற்றி பெல்ட் கட்டினாலும், பூட்டிய சொல்லுக்குப் பதிலாக “சரி மிஸ்” என்றது பட்டை. நல்ல முன்னேற்றம் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

டிசம்பரில் ஒரு காலை பியூலாவுக்குப் பொறி தட்டியது. பதறிப்போய்ப் பூட்டைத் திறந்தாள்.

“ஜூலை எட்டு. ஊஞ்சல் வேண்டாம் மிஸ்.”

“இனிமே வேண்டாண்டா கண்ணு. மிஸ்ஸ மன்னிச்சிடு.”

“ஜூலை எட்டு. பெல்ட் வேண்டாம் மிஸ். ஜூலை எட்டு. பயமா இருக்கு, வேண்டாம் மிஸ்.”

மகிழினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் பள்ளி விடும் மணி அடித்தபோது, பட்டை இன்னும் ஜூலையைத் தாண்டவில்லை.